ரோடியோ: மேய்ச்சல் காட்டில் பிறந்தது எது, டிக்கெட் கவுண்டரில் பிறந்தது எது?

தென்திசை:

பிப்ரவரி கடைசியானால் ஹூஸ்டனில் ஆபீஸுக்கே பாதிப் பேர் பூட்ஸும் தொப்பியுமாக வருவார்கள். ரோடியோ சீசன், அதாவது மாடு மேய்க்கும் கௌபாய்களின் குதிரை, மாட்டுப் போட்டிகள் நடக்கும் காலம். நம் ஆட்களும் குடும்பத்தோடு போவோம், ராட்டினம் சுற்றுவோம், கச்சேரி கேட்போம், வந்துவிடுவோம். அங்கே மைக் பிடிக்கிற ஒவ்வொருவரும் "எங்கள் பாரம்பரியம்" என்கிறார்கள். யாருடைய பாரம்பரியம், அதில் எந்தப் பகுதி என்று பேசத்தான் இந்த இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய ரோடியோப் போட்டிகளில் பாதி, மாட்டுப் பண்ணை வேலையிலிருந்து நேராக வந்தவை. சுருக்குக் கயிறு வீசிக் கன்றைப் பிடிப்பது, பழகாத குதிரையை அடக்குவது இதெல்லாம் அந்தக் கணக்கு. மீதிப் பாதி கூட்டம் சேர்க்க உண்டானவை. காளை மேல் ஏறி உட்காரும் வேலை எந்தப் பண்ணையிலும் எவனுக்கும் இருந்ததில்லை. ஆனால் இன்று டிக்கெட் விற்பது காளைதான்.

கொஞ்சம் வரலாறு. மாடும் குதிரையும் ஸ்பானியர்களோடு அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தவை. 16ஆம் நூற்றாண்டிலிருந்து மெக்சிகோவின் பெரிய பண்ணைகளில் வக்கேரோ எனப்பட்ட மாடு மேய்ப்பவர்கள் கயிறு, சேணம், சூட்டுக்குறி என்று ஒரு முழுத் தொழிலையே வளர்த்திருந்தார்கள். டெக்சஸுக்கு வந்த வெள்ளையர் அதை அப்படியே கற்றுக்கொண்டார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு டெக்சஸிலிருந்து கன்சாஸ் ரயில் நிலையங்களுக்கு மந்தை மந்தையாக மாடு ஓட்டினார்கள். அபிலீனுக்கு 1867லிருந்து. பிறகு ரயில் தெற்கே வந்தது, 1874ல் ஜோசப் கிளிடனின் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைத்தது, மேய்ச்சல் நிலமெல்லாம் வேலிக்குள் போனது. 1886-87 குளிர்காலம் மிச்சமிருந்த திறந்தவெளி மந்தைகளையும் கொன்று தீர்த்தது. கௌபாய்க்கு வேலை போயிற்று, கைத்திறன் மட்டும் மிஞ்சியது. அந்த வருடங்களில்தான் அதைக் காசு கொடுத்துப் பார்க்க ஆள் வந்தார்கள். 1882 ஜூலை 4, நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டில், கௌபாய்க் காட்சிகளுக்குப் பேர்போன பஃபலோ பில் நடத்திய விழா அதற்கு நல்ல உதாரணம்.

"முதல் ரோடியோ எங்கள் ஊரில்தான்" என்று கொலராடோவின் டியர் டிரெயில் 1869ஐச் சொல்கிறது, டெக்சஸின் பேகோஸ் 1883ஐ, அரிசோனாவின் பிரெஸ்காட் 1888ஐ. மூன்றுமே ஜூலை 4. லீவு நாள் என்றால் பந்தயம் கட்டத் தோன்றும் போல.

ராஜா1985:

அப்போ நம்ம ஜல்லிக்கட்டுக்கு அண்ணன் தம்பின்னு சொல்லுங்க.

நெறியாளர்:

ஜல்லிக்கட்டுக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, 40 பக்கம் தாண்டிவிட்டது. இங்கே ரோடியோ மட்டும்.

மாட்டுக்காரன்மகன்:

தென்திசை அண்ணே, ஒரு சந்தேகம். எங்கள் வீட்டிலும் கன்றுக்கு மருந்து போட, காயடிக்க எல்லாம் பிடித்துக் கட்டுவோம். அதற்கு நாலு பேர் வேண்டும். அங்கே ஒற்றை ஆள் எப்படிச் செய்கிறான்? குதிரையை யார் பிடித்துக்கொள்வது?

தென்திசை:

தம்பி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். குதிரைதான் அங்கே இரண்டாவது ஆள்.

கன்றை முதலில் ஓடவிட வேண்டும். குதிரைக்கு முன்னால் ஒரு மெல்லிய கயிறு கட்டியிருக்கும், கன்று குறித்த தூரம் போனதும் அது கழன்றுவிடும். அவசரப்பட்டு அதை அறுத்துக்கொண்டு பாய்ந்தால் நேரத்தோடு 10 வினாடி சேர்த்துவிடுவார்கள், அன்றைக்குக் கதை முடிந்தது. சுருக்கு கழுத்தில் விழுந்ததும் ஆள் குதிரையிலிருந்து குதித்து ஓடுவான். கயிற்றின் மறுமுனை சேணத்தின் முன்கொம்பில் இருக்கும். முதுகில் ஆளில்லாமலே அந்தக் குதிரை அடியெடுத்துப் பின்வாங்கி, கயிறு தொய்யாமல் பிடித்து நிற்கும். கன்று விழுந்து கிடந்தால் அதை எழவிட்டுத்தான் மறுபடி புரட்ட வேண்டும் என்பது விதி. புரட்டிப் போட்டு, பல்லில் கவ்வி வந்த சின்னக் கயிற்றால் மூன்று காலைச் சேர்த்துச் சுற்றி முடிந்து, இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவான். பிறகு குதிரையில் ஏறிக் கயிற்றைத் தளர்த்தியதும் கன்று 6 வினாடி கட்டு அவிழாமல் கிடக்க வேண்டும். தேர்ந்தவர்கள் 7, 8 வினாடியில் முடிக்கிறார்கள்.

அந்தக் குதிரையைப் பழக்க வருடக்கணக்கில் ஆகும். எனக்கு ரோடியோவில் பிடித்தது இந்த ஒரு காட்சிதான்.

நித்யா_வெட்:

நான் கால்நடை மருத்துவர். அந்தக் காட்சியைக் கன்றின் பக்கம் நின்று பாருங்கள். முழு வேகத்தில் ஓடுகிற ஒரு இளம் கன்று கழுத்தில் கயிறு இறுகிச் சட்டென்று நிற்கிறது. பண்ணையில் வேலைக்காகச் செய்யும்போது மெதுவாகச் செய்யலாம், கடிகாரம் இல்லை. அரங்கில் கடிகாரம்தான் எல்லாமே. வேலை என்று இருந்தது வேகப் போட்டியானதும் மாட்டுக்கு அது வேறு விஷயமாகிவிடுகிறது.

தென்திசை சார் சொன்ன பிரிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாரம்பரியம் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லத் தகுந்த போட்டிதான் விலங்கு நல ஆர்வலர்கள் அதிகம் எதிர்ப்பது. பாரம்பரியம் குறைந்த காளைச் சவாரியில் காளைக்கு அடிபடுவதைவிட ஆளுக்கு அடிபடுவதே அதிகம்.

எதிர்ப்பும் புதிதில்லை. 1924ல் டெக்ஸ் ஆஸ்டின் என்பவர் லண்டன் வெம்பிளி மைதானத்துக்கு ரோடியோவைக் கொண்டுபோனார். பெரிய கூட்டம், அதே அளவு கண்டனம். வழக்கு வரை போனது. அதன் தொடர்ச்சியாக 1934ல் பிரிட்டன் சட்டம் போட்டு இந்த மாதிரிக் கயிறு வீசிப் பிடிக்கும் காட்சிகளை நிறுத்தியது. அதாவது அந்த எதிர்ப்புக்கே ஒரு நூற்றாண்டு வயது.

கல்கரிக்கோகிலா:

நான் கனடாவின் கல்கரியில் இருக்கிறேன். ஜூலையில் பத்து நாள் ஸ்டாம்பீட் என்ற ரோடியோத் திருவிழா. தெருத்தெருவாகச் சும்மா பான்கேக் கொடுப்பார்கள், சனம் வரிசையில் நிற்கும். யாழ்ப்பாணத்து அம்மம்மாமாரும் தொப்பி போட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவினம்.

1912ல் கை வீடிக் என்ற அமெரிக்கர்தான் இதைத் தொடங்கினார். அந்த முதல் வருடம் அரங்கில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சைக்ளோன் என்று ஒரு கறுப்புக் குதிரை, ஏறினவர்களை எல்லாம் தள்ளி விழுத்திப் பெயர் எடுத்தது. இப்போது போல எட்டு வினாடி தாங்கினால் போதும் என்ற கணக்கே அந்தக் காலத்தில் கிடையாது, குதிரை ஓயுமட்டும் இருக்க வேண்டும். டாம் த்ரீ பெர்சன்ஸ் என்ற கைனாய் பழங்குடி வீரர் அதில் ஏறி, அது ஓய்ந்து நிற்குமட்டும் இருந்து வென்றார். வெளிநாடுகளிலிருந்து வந்த பெயர்போன சவாரிக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க.

இரண்டு வருடம் போகவில்லை. 1914ல் கனடா அரசு இந்தியர் சட்டத்தைத் திருத்தி, மேற்கு மாகாணங்களில் பழங்குடிகள் அதிகாரியின் அனுமதி இல்லாமல் தங்கள் பாரம்பரிய உடையில் இப்படியான காட்சிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்றது. விவசாயம் பழகாமல் கூத்துக்குப் போகிறார்கள் என்பது அரசின் குறை. ஆனாலும் அவர்கள் வந்தார்கள். பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தை விட்டு வெளியே வரவும், சடங்கும் ஆட்டமும் பலர் முன்னால் செய்யவும் கிடைத்த சில இடங்களில் ஸ்டாம்பீட்டும் ஒன்று. இப்போதும் எல்போ ஆற்றங்கரையில் டீப்பிக் கூடாரங்கள் போட்டுக் குடும்பம் குடும்பமாகத் தங்குகிறார்கள். எனவே தென்திசை அண்ணா, காட்சிக்காரன் உண்டாக்கினது என்று ஒதுக்கிவிடக் கூடாது. காட்சிக்குள்ளேயும் சிலர் தங்கள் பாரம்பரியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

வண்டிக் குதிரைப் பந்தயம் பற்றி மட்டும் கேட்காதீர்கள். 1923லிருந்து நடக்கிறது, குதிரைகள் செத்த வருடங்கள் பல. நான் அதைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டேன்.

வடக்குவாசல்:

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மெக்சிகோவை ஒரு பத்தியில் தாண்டிவிட்டீர்களே!

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சார்ரேயாடா நடக்கும், மெக்சிகோக்காரர்களின் ரோடியோ. அரங்கே சாவித் துவாரம் மாதிரி இருக்கும், நீண்ட ஓடுபாதை ஒன்று வட்டக் களத்தில் போய்ச் சேரும். முதல் போட்டியில் வீரம் எதுவும் கிடையாது. குதிரையை வேகமாக ஓட்டிவந்து ஒரே சறுக்கில் நிறுத்த வேண்டும், நின்ற இடத்திலேயே சுற்றவிட வேண்டும், நேராகப் பின்னால் நடத்த வேண்டும். குதிரைக்கு வாய் எவ்வளவு மென்மையாகப் பழகியிருக்கிறது என்று நடுவர் பார்ப்பார். கடைசியில் வருவது "மரண நடை": ஓடுகிற குதிரையின் வெறும் முதுகிலிருந்து பக்கத்தில் ஓடும் பழகாத பெண் குதிரையின் மேல் தாவி, பிடரியை மட்டும் பிடித்துக்கொண்டு அது நிற்கும்வரை இருக்க வேண்டும். பெண்கள் எட்டுப் பேர் அகலப் பாவாடையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் உரசாமல் குறுக்கும் நெடுக்கும் ஓட்டும் எஸ்கராமுசாவும் உண்டு.

மெக்சிகோ புரட்சிக்குப் பிறகு பெரும்பண்ணைகள் உடைந்தன. நகரத்துக்கு வந்த பண்ணைக் குடும்பங்கள் 1921ல் தேசியச் சங்கம் வைத்து இந்தக் கலைக்கு விதிமுறை எழுதின. 2016ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

காளை ஏறும் பழக்கமும் அங்கே பண்ணைத் திருவிழாக்களில் ரொம்ப நாளாக இருந்ததுதான். அமெரிக்க டிக்கெட் கவுண்டருக்கு முன்பே.

இப்போது நித்யா மேடத்துக்கு ஒரு கேள்வி. சார்ரேயாடாவில் ஓடும் பெண் குதிரையின் முன்னங்காலில் கயிறு வீசி விழவைக்கும் போட்டி இருந்தது. 1994ல் கலிஃபோர்னியா அதைத் தடை செய்தது. தப்பில்லை, குதிரைக்குக் கால் முறியும். ஆனால் அதே கலிஃபோர்னியாவில் அமெரிக்க ரோடியோவின் கன்று பிடிக்கும் போட்டி சட்டப்படி நடக்கிறது. வேறு சில மாநிலங்களில் எருதின் கொம்பில் கயிறு மாட்டி, ஓட்டத்திலேயே இழுத்துக் கவிழ்க்கும் போட்டியைத் தொழில்முறைச் சங்கமே நடத்துகிறது. ஸ்பானிஷ் பேசுகிறவன் செய்தால் கொடுமை, ஆங்கிலம் பேசுகிறவன் செய்தால் பாரம்பரியமா?

நித்யா_வெட்:

வடக்குவாசல், என்னைக் கேட்டால் மூன்றையும் நிறுத்தலாம் என்பேன். ஆனால் சட்டம் முதலில் எங்கே பாய்ந்தது என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஓட்டு குறைவாக உள்ளவர்களின் பழக்கத்தைத் தடை செய்வது சுலபம்.

சிவப்புத்துண்டு:

எல்லாரும் மாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், கூலியைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

1936, பாஸ்டன் கார்டன் அரங்கம். போட்டியாளர் ஒவ்வொருவரும் நுழைவுக் கட்டணம் கட்டித்தான் களத்தில் இறங்க வேண்டும். ஜெயித்தால்தான் காசு, அடிபட்டால் சொந்தச் செலவு. பரிசுத் தொகையோ அற்பம், கட்டிய கட்டணத்தைக்கூட அதில் சேர்ப்பதில்லை. பரிசை இரட்டிப்பாக்கு, கட்டணத்தையும் அதில் சேர் என்று 61 பேர் கையெழுத்துப் போட்டு வெளிநடப்பு செய்தார்கள். ஏற்பாட்டாளர் டபிள்யூ. டி. ஜான்சன் வேறு ஆட்களை இறக்கிப் பார்த்தார், எடுபடவில்லை, இறங்கி வந்தார். அப்படிப் பிறந்த சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "கௌபாய் ஆமைகள் சங்கம்". ஒன்றுசேர இவ்வளவு காலம் ஆனது, ஆனாலும் கடைசியில் கழுத்தை நீட்டிவிட்டோம் என்று அவர்களே அடித்துக்கொண்ட கிண்டல். 1945ல் பெயரை மாற்றினார்கள். இன்றைய தொழில்முறை ரோடியோச் சங்கம் அதன் வாரிசு.

தனி மனிதன், யாருக்கும் கட்டுப்படாதவன் என்று கௌபாயைப் பற்றிப் படம் படமாகக் காட்டுகிறார்கள். அவர்களின் விளையாட்டு அமைப்பு பிறந்ததோ வேலைநிறுத்தத்தில்!

தென்திசை:

தோழர், அந்த ஆமைக் கதைக்கு ஒரு சலாம். கோகிலா அக்கா, வடக்குவாசல், நீங்கள் சொன்னதும் சரி. காளை ஏறுவது பழையதுதான். ஆனால் அது திருவிழா விளையாட்டு, பண்ணை வேலை இல்லை என்ற என் கட்சி நிற்கிறது.

"யாருடையது" என்ற கேள்விக்கு வருகிறேன். மாடு ஓட்டிய கௌபாய்களில் நால்வரில் ஒருவர் கறுப்பர் என்று மதிப்பிடுவது உண்டு. போஸ்டரில் அவர்களைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார்கள்.

பில் பிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1870ல் டெக்சஸில் பிறந்தவர். முரட்டு மாட்டை நாய் எப்படி உதட்டைக் கவ்வி நிறுத்துகிறது என்று பண்ணையில் பார்த்தார். தானும் அதைச் செய்தார். குதிரையிலிருந்து எருதின் கொம்பைப் பாய்ந்து பிடிப்பார், கழுத்தைத் திருப்புவார், மேலுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பின்னால் சாய்வார். மாடு சுருண்டு விழும். இன்றைக்கு எருது மல்யுத்தம் என்று எல்லா ரோடியோவிலும் நடக்கும் போட்டி அவர் உண்டாக்கியது, கடியை மட்டும் எடுத்துவிட்டார்கள். 1908ல் அவருடைய முதலாளி பந்தயம் கட்டி அவரை மெக்சிகோ நகரத்துக் காளைப்போர் அரங்கில் ஒரு சண்டைக் காளையோடு இறக்கினார். கூட்டம் பாட்டிலும் கல்லும் வீச, பல நிமிடம் கொம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கறுப்பர்களைச் சேர்க்காத போட்டிகளில் அவரைச் செவ்விந்தியர் என்று சொல்லி இறக்கிய கதையும் உண்டு.

1994ல் அமெரிக்க அஞ்சல்துறை அவருக்கு ஒரு தபால்தலை போட்டது. அச்சடித்த பிறகுதான் தெரிந்தது, படத்தில் இருந்தவர் அவருடைய சகோதரர் பென். திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டார்கள்.

அடுத்தது ஓரிகனின் பெண்டில்டன் ரோடியோ, 1911. குதிரைச் சவாரியில் கடைசியில் மிஞ்சிய மூவர்: வெள்ளையரான ஜான் ஸ்பெயின், கறுப்பரான ஜார்ஜ் ஃப்ளெட்சர், நெஸ் பெர்ஸ் பழங்குடியைச் சேர்ந்த ஜாக்சன் சண்டவுன். நடுவர்கள் ஸ்பெயினுக்குப் பரிசு கொடுத்தார்கள். கூட்டம் ஃப்ளெட்சருக்குத்தான் என்று கத்தியது. உள்ளூர் ஷெரிஃப் டில் டெய்லர், ஃப்ளெட்சரின் தொப்பியை வாங்கித் துண்டு துண்டாக வெட்டிக் கூட்டத்தில் விற்றார், வந்த பணத்தை ஃப்ளெட்சரிடமே கொடுத்தார். சண்டவுன் விடாமல் திரும்பத் திரும்ப வந்து 1916ல், 53 வயதில், அதே களத்தில் வென்றார். சிறுவனாக 1877 போரில் அமெரிக்கப் படையிடமிருந்து தப்பி ஓடிய கூட்டத்தில் இருந்தவர்.

கறுப்பர் ஒருவர் தொழில்முறை ரோடியோவின் தேசிய இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற 1964 ஆயிற்று, மிர்டிஸ் டைட்மேன். உலகப் பட்டம் வெல்ல 1982, சார்லி சாம்ப்சன்.

மாட்டுக்காரன்மகன்:

அந்தத் தொப்பி விஷயம் அருமை. ஷெரிஃப்பை மெச்சுவதா, நடுவரைத் திட்டுவதா தெரியவில்லை.

ஹவாய்க்காற்று:

இடையில் ஒன்று. 1908ல் வயோமிங் மாநிலத்தின் ஷையான் நகரத்து ரோடியோவில் எருது பிடிக்கும் போட்டியில் எல்லாரையும் தோற்கடித்தவர் ஹவாய்த் தீவுக்காரர், இக்குவா பர்டி. 56 வினாடி. 1793ல் கேப்டன் வான்கூவர் ஹவாய் அரசருக்குக் கொடுத்த மாடுகள் காடெல்லாம் பெருகி, 1830களில் மெக்சிகோ வக்கேரோக்களை வரவழைத்துத் தீவுக்காரர்களுக்குத் தொழில் பழக்கினார்கள். அப்படிப் பார்த்தால் டெக்சஸ் கௌபாயின் பெரிய மந்தை ஓட்டத்துக்கு முன்பே இங்கே மாட்டுக்காரர்கள் இருந்தார்கள்.

வேல்விழி:

பெண்களைப் பற்றி வடக்குவாசல் ஒரே வரி, மற்றவர்கள் அதுவும் இல்லை. நானே எழுதுகிறேன்.

தொடக்க காலத்தில் பெண்களும் முரட்டுக் குதிரை ஏறினார்கள். மொன்டானாவின் ஃபேனி ஸ்பெரி 1912 கல்கரியில் பெண்கள் பட்டம் வென்றார். 1929ல் பெண்டில்டனில் பானி மெக்கரோல் குதிரையோடு விழுந்தார். அந்தக் காலத்தில் பெண்களுக்கு ரெண்டு அங்கவடியையும் குதிரை வயிற்றுக்கடியில் இணைத்துக் கட்டிவிடுவது வழக்கம், பாதுகாப்பு என்று சொல்லி. விழும்போது கால் எளிதில் விடுபடாது. சில நாளில் இறந்துபோனார். பெண்டில்டன் பெண்கள் சவாரியையே எடுத்துவிட்டது. ஆண்களும் செத்திருக்கிறார்கள், அவர்கள் போட்டியை யாரும் எடுக்கவில்லை.

அப்புறம் பெண்களுக்கு மிஞ்சியது அணிவகுப்பும் அழகிப் பட்டமும். பொறுக்காமல் 1948ல் டெக்சஸின் சான் ஏஞ்சலோவில் 38 பெண்கள் கூடிச் சொந்தமாகச் சங்கம் வைத்தார்கள். மூன்று பீப்பாயைச் சுற்றி வரும் குதிரைப் பந்தயம் அவர்களால்தான் நிலைத்தது, 1967ல் தேசிய இறுதிக்குள் நுழைந்தது. ஷார்மெய்ன் ஜேம்ஸ் 1984லிருந்து தொடர்ந்து பத்து உலகப் பட்டம். 1985 இறுதியில் ஓட்டத்தின் நடுவே அவர் குதிரை ஸ்கேம்பருக்குக் கடிவாளம் கழன்றுவிட்டது. இழுத்துத் திருப்ப ஒன்றுமில்லை. குதிரை தானாக மூன்று பீப்பாயையும் சுற்றி முடித்து அந்தச் சுற்றையும் ஜெயித்தது!

ராஜா1985:

காளைக்கு அந்த இடத்தில் கயிறு கட்டி இறுக்குவதால்தான் துள்ளுகிறது என்று எல்லாரும் சொல்கிறார்களே, உண்மையா?

நித்யா_வெட்:

இல்லை. பட்டை கட்டுவது இடுப்புக்கு முன்னால், அடிவயிற்றைச் சுற்றி. விதைப்பைக்கு அது எட்டாது. உறுத்தும், அதனால் பின்னங்காலை உயர்த்தி உதைக்கும், அந்த உறுத்தலே வேண்டாம் என்பது என் நிலை. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. துள்ளும் குணத்துக்காகவே வம்சம் பார்த்து, மரபணுப் பதிவேடு வைத்து வளர்க்கிறார்கள். நூறு மதிப்பெண்ணில் பாதி மாட்டுக்குத்தானே, நன்றாகத் துள்ளும் காளைக்கு நல்ல விலை. போடேஷியஸ் என்ற காளை, சவாரி வீரர் டஃப் ஹெடமனின் முகத்தை நொறுக்கியது 1995ல், அதே வருடம் ஆபத்து என்று ஓய்வு கொடுத்தார்கள். பிறகு அதற்குப் புகழ் மண்டபத்தில் இடமும் கிடைத்தது.

ஆளுக்கு மார்புக் கவசம் வந்ததே 1989க்குப் பிறகுதான். அந்த வருடம் ஷையானில் காளைச் சவாரி வீரர் லேன் ஃப்ராஸ்ட் எட்டு வினாடி முடித்துச் சரியாகத்தான் இறங்கினார். காளை திரும்பி வந்து முதுகில் முட்டியது, இறந்துபோனார். வயது 25. அவர் நண்பர் கோடி லாம்பர்ட் அதன் பிறகு வடிவமைத்த கவசத்தைத்தான் இன்று எல்லாரும் போடுகிறார்கள்.

புதுவரவு_சுகன்யா:

எல்லாவற்றையும் படித்தேன். நான் ஹூஸ்டனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பையனுக்கு 6 வயது, ஆட்டுமேல் ஏறும் போட்டியில் சேர்த்துவிடு என்று ஒரே பிடிவாதம். சேர்க்கலாமா? வேறு என்ன பார்க்கலாம்?

தென்திசை:

சேர்க்கலாம் தங்கச்சி. ஹெல்மெட், கவசம் அவர்களே மாட்டிவிடுவார்கள், இரண்டு மூன்று வினாடியில் மண்ணில் விழுந்து எழுந்து வந்துவிடுவான். எடை வரம்பு உண்டு, பதிவும் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே பாருங்கள்.

அரங்கத்துக்குப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ரோடியோ தொடங்குவதற்கு முந்தின நாட்களில் நாலா பக்கத்திலிருந்தும் குதிரையிலும் வண்டியிலும் ஊர்வலமாக ஹூஸ்டனுக்கு வருவார்கள். 1952ல் பிரென்ஹம் ஊரிலிருந்து வந்த கூட்டம்தான் முதல். பிரெய்ரி வியூ பக்கமிருந்து 1957 முதல் வரும் கூட்டம் கறுப்பர்களுடையது. மெமோரியல் பார்க்கில் வந்து ராத்தங்குவார்கள். டிக்கெட் கிடையாது, கிட்டப் போய்க் குதிரையைப் பார்க்கலாம், கேட்டால் பேசுவார்கள்.

நித்யா_வெட்:

சுகன்யா, பையன் விழுவான், அழமாட்டான். ஆட்டின் முகத்தையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். மற்றபடி குதிரை ஊர்வலத்துக்கு நானே வரத் தயார், தேதி தெரிந்தால் இங்கே போடுங்கள்.